சின்னக் காடும் சின்ன மெசினும்

எங்கள் ஆட்களிடம் "இன்னாருக்குச் சொந்தமாகக் காடு இருக்கிறது" என்று சொன்னால் சிரிப்பார்கள். காணி சொந்தமாக இருக்கும், தோட்டம் இருக்கும், பனங்காணி இருக்கும். காடு என்றால் அது அரசாங்கத்தினுடையது, வன இலாகாவினுடையது. ஆனால் இங்கே டென்மார்க்கில் ஓய்வுபெற்ற வாத்தியாரிடமும் பன்றிப் பண்ணைக்காரரிடமும் காடு இருக்கிறது. நான் வேலை செய்கிற றெஸ்ரோறன்ற் விறகு அடுப்புக்கு பீச் விறகு தருகிற கிழவருக்கு ஹோர்சன்ஸுக்குப் பக்கத்தில் 4 ஹெக்ரேயர் காடு உண்டு. எங்கள் கணக்கில் 10 ஏக்கர், 160 பரப்பு. லீவு நாட்களில் அவருக்கு உதவிக்குப் போய் வருவதில், ஒரு சின்னக் காட்டைப் பராமரிக்க என்னென்ன வாகனமும் ஆயுதமும் தேவை என்பதையும், அவை எப்படி வந்தன என்பதையும் கொஞ்சம் அறிந்து கொண்டேன். பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு இப்படியான தேடல்தான் மிச்சம். தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் காடு எப்படி மிஞ்சியது என்று பார்க்க வேண்டும். 1800ஆம் ஆண்டளவில் டென்மார்க்கில் காடு அழிந்துபோகிற நிலை. கப்பலுக்கு, வீட்டுக்கு, விறகுக்கு என்று வெட்டி, மிச்சத்தில் மாட்டையும் பன்றியையும் மேயவிட்டதில் நாட்டின் நிலத்தில் நூற்றுக்கு ஒரு சில வீதமே காடாக இருந்தது. 1805இல் அரசர் ஒரு சட்டம் போட்டார். காட்டைச் சுற்றி வேலி அடைக்க வேண்டும், கால்நடை உள்ளே போகக் கூடாது, காடாக இருப்பது காடாகவே இருக்க வேண்டும். இந்தக் காவல் காட்டுக்கு டெனிஸில் "ஃபிரெட்ஸ்கௌ" என்று பெயர். இதில் கவனிக்க வேண்டியது, காட்டை அரசாங்கம் பறிக்கவில்லை. உடைமை உன்னுடையது, ஆனால் அழிக்க முடியாது என்றது. இரண்டு வருடத்தில், 1807இல், ஆங்கிலேயர் கொப்பன்ஹேகனைக் குண்டுவீசித் தாக்கி டெனிஸ் கடற்படைக் கப்பல்களைக் கொண்டு போய்விட்டார்கள். புதுக் கப்பலுக்கென்று ஓக் மரங்களை நட்டார்கள். ஓக் முதிர 150, 200 வருடம் வேண்டும். அதற்கிடையில் கப்பல் எல்லாம் இரும்பாகிவிட்டது. ஆனால் நட்ட மரங்களில் பல இன்றைக்கும் நிற்கின்றன.

அடுத்தது 1864. அந்த யுத்தத்தில் பிரஷியாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்று டென்மார்க் தெற்கே பெரும் நிலத்தை இழந்தது. தோற்ற சனம் என்ன செய்தது? எங்களுக்கு இது முக்கியமான கேள்வி. 1866இல் என்றிகோ டல்காஸ் என்ற இராணுவப் பொறியியலாளர் முன்னின்று ஹீத் சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஜுட்லாந்தின் மேற்கில் ஒன்றுக்கும் உதவாமல் கிடந்த பற்றைத் தரவையில் விவசாயிகளைக் கொண்டே ஊசியிலை மரங்களை நடுவித்தார்கள். இன்று ஜுட்லாந்தில் தனியாரிடம் இருக்கிற சின்னச் சின்னக் காடுகளில் கணிசமானவை அப்படி வந்தவை. ஹோர்சன்ஸ் கிழக்குக் கரை. இங்கே நிலம் வளமானது. பொலர் கோட்டைப் பக்கம் பழைய பீச் காடுகளைப் பார்க்கலாம்.

அந்தக் காலத்தில் காட்டு வேலை குளிர்காலத்து வேலை. வயலில் வேலை இல்லை, நிலம் இறுகிக் கிடக்கும். கோடரி, இரண்டு பேர் இருபக்கமும் பிடித்து இழுக்கிற நீள வாள், ஆப்பு, சங்கிலி. விழுந்த மரத்தை இழுக்க ஜுட்லாந்துக் குதிரை. மரங்களுக்கு இடையால் வளைந்து நெளிந்து வரும், மற்ற மரத்தின் பட்டையை உரஞ்சாது, நிலத்தைக் கிண்டாது. ஆனால் வருடம் முழுக்கத் தீன் போட வேண்டும்.

குதிரையை வெளியேற்றியது ஒரு சின்னச் சாம்பல் நிற உழவு இயந்திரம். ஹரி ஃபேர்குசன் என்ற அயர்லாந்துக்காரரின் ரி.ஈ.20. இங்கிலாந்தின் கொவென்றியில் 1946 முதல் 1956 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். டென்மார்க்கில் இதைச் "சின்னச் சாம்பல்" என்றே அன்பாகக் கூப்பிடுவார்கள். ஒரு தொன்னுக்குச் சற்று மேலான எடைதான். பின்னால் மூன்று இடத்தில் பொருத்தி, எண்ணெய் அழுத்தத்தால் ஏற்றி இறக்குகிற அமைப்புத்தான் அதன் சூட்சுமம். இழுக்கிற கருவியின் பாரம் பின்சில்லில் இறங்குவதால், பாரம் குறைந்த வண்டியும் வழுக்காமல் இழுக்கும். இந்தக் கம்பனி 1953இல் மெசி ஹரிசுடன் சேர்ந்தது, 1958இல் பெயர் மெசி ஃபேர்குசன் ஆனது. இப்போது விளங்குகிறதா? கிளிநொச்சியிலும் பரந்தனிலும் எங்கள் பெரியப்பாமார் ஓடிய சிவப்பு மெசி, இந்தச் சின்னச் சாம்பலின் பிள்ளைதான். கிழவரின் கொட்டிலில் சாம்பலைக் கண்டவுடன் எனக்கு அந்தப் பின்கொழுவி பழக்கமாக இருந்ததற்குக் காரணமும் அதுதான்.

அரிகிற மெசின் கதை வேறு. ஜேர்மனியில் ஸ்ரில் 1929இல் செய்த பெற்றோல் வாள் சுமார் 46 கிலோ, தூக்க இரண்டு பேர் வேண்டும். 1959இல் அதே ஸ்ரில் ஒருவர் தனியாகப் பிடிக்கக் கூடிய 'கொன்ரா'வைக் கொண்டு வந்தது. அதே வருடம் சுவீடனின் ஹுஸ்க்வார்னாவும் தன் முதல் செயின்சோவை வெளியிட்டது. அதன்பிறகு ஒரு மனிதன் தனியே ஒரு காட்டைப் பார்க்கலாம் என்றாகியது. ஆபத்தும் தனியே வந்தது. அதனால்தான் வாள் காற்சட்டை. அதன் உள்ளே நீள நார்கள் இருக்கும். சங்கிலி பட்டால் நார் இழுபட்டுப் பல்சில்லில் சுற்றி வாளை நிற்பாட்டும். தலைக்கவசம், காதுமூடி, முகவலை இல்லாமல் கிழவர் என்னை வாளுக்குக் கிட்டவே விடமாட்டார்.

பெரிய மெசின்களுக்கு வழி திறந்ததில் புயல்களுக்குப் பங்குண்டு. 1981 நவம்பர், 1999 டிசம்பர் 3, 2005 ஜனவரி என்று மூன்று பெரும் புயல்கள். 1999இல் மட்டும் நாடு முழுவதும் சுமார் 35 இலட்சம் கன மீற்றர் மரம் விழுந்தது. விழுந்த மரம் ஒன்றன்மேல் ஒன்று பின்னிக் கிடக்கும், வளைந்த மரத்தில் வாள் வைத்தால் அடித்துவிடும், வெட்டியவுடன் வேர்த்தட்டு திரும்பி நிமிரும். கைவாளோடு அதற்குள் போவது உயிரோடு விளையாட்டு. ஆகவே கூண்டுக்குள் இருந்துகொண்டே பிடித்து, அரிந்து, கொப்பு சீவி, துண்டு போடுகிற இருபது தொன் மெசின்கள் காட்டை நிரப்பின.

4 ஹெக்ரேயர்க்காரனுக்கு அந்த மெசினால் பிரயோசனம் குறைவு. அதை லொறியில் ஏற்றிக் கொண்டு வருகிற செலவே மரத்தின் விலையைத் தின்றுவிடும். ஈர நிலத்தில் ஓடினால் மண் இறுகி, வேருக்குக் காற்றும் தண்ணியும் போகாது. முதல் சில ஓட்டத்திலேயே பெரும்பகுதி சேதம் நடந்துவிடும், பிறகு திருத்துவது கடினம். அதனால் சின்னக் காட்டுக்காரர் வேறு வழி எடுத்தார்கள். 20 மீற்றர் அளவு இடைவெளி விட்டு நிரந்தரப் பாதை, அதைவிட்டு வண்டி இறங்கக் கூடாது. பாதையில் வெட்டிய கொப்புகளைப் பரப்பி அதன்மேல் ஓடுவது. உள்ளே கிடக்கிற மரத்தை உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டிய வின்ச் கம்பியால் இழுத்தெடுப்பது. கொழுவி பதிவாக இருக்க வேண்டும், உயரக் கொழுவினால் முன்சில்லு எழும்பி வண்டி பின்னால் கவிழும். கம்பி இழுபடும்போது அது வளைந்து போகிற பக்கத்தில் ஒருவரும் நிற்கக் கூடாது. இன்னும் சின்ன வேலைக்குச் சுவீடன்காரர் "இரும்புக் குதிரை" என்று ஒன்று செய்தார்கள். இரப்பர்ப் பட்டியில் ஊர்கிற சின்ன மெசின், ஆள் நடந்துகொண்டே ஓட்டலாம். பழைய குதிரையின் வேலையைத்தான் அதுவும் செய்கிறது, பெயரும் அதனால்தான். நாலுசில்லு மோட்டார் வண்டியும் சின்னப் பெட்டியும், விறகு பிளக்கிற மெசினும் இருந்தால் கிழவரைப் போன்றவருக்குக் காணும்.

இனி எங்கள் பக்கம். இலங்கையில் 1840இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டு நிலமும் தரிசும் முடிக்குரியது என்றது. 1907இன் வனக் கட்டளைச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. காட்டோடு வாழ்ந்த வன்னிச் சனம் காட்டுக்கு அந்நியமானது. தன்னுடையது இல்லாததை யார் பராமரிப்பான்? பாலையும் முதிரையும் இரவோடு இரவாகப் போயின. பிறகு யுத்தம். பதுங்குகுழிக்கென்று இரண்டு தரப்பும் வெட்டிய பனைக்குக் கணக்கில்லை. மெசியின் பெட்டியில் மரக்குற்றி போனதை நாங்கள் கண்டிருக்கிறோம். மரம் நடப் போனதைக் கண்டவர் குறைவு.

டென்மார்க்கிலும் எல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே இன மரத்தை வரிசையாக நட்டுப் புயலில் இழந்ததும் இவர்கள்தான். ஆனால் 200 வருடத்தில் காட்டை 15 வீதமளவுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். 2024இல் இன்னும் 250,000 ஹெக்ரேயர் காடு உண்டாக்குவதாக அரசாங்கமும் விவசாயிகள் சங்கமும் சுற்றாடல் அமைப்பும் சேர்ந்து ஒப்பந்தம் செய்தார்கள். அதில் பெரும் பங்கு விவசாயிகளின் காணியில்தான் வரப்போகிறது.

வெளிநாட்டிலிருந்து ஊரில் காணி வாங்கி மதில் கட்டிப் பூட்டி வைத்திருக்கிற எம்மவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதில் ஐந்து பரப்பில் என்றாலும் வேம்பு, முதிரை, பனை என்று கலந்து நடுங்கள். பெரிய மெசின் கொண்டுபோய் உழுது தள்ள வேண்டாம். ஒரு லாண்ட்மாஸ்ரரும் பெட்டியும், நல்ல கைவாளும், பார்க்க ஒரு ஆளுக்குச் சம்பளமும் போதும். வெட்டுகிற காலம் எங்களுக்கு வராது. பரவாயில்லை, ஓக் நட்டவனுக்கும் வரவில்லை.