ஆயாக் கொட்டகை முதல் பல்கலைக்கழகம் வரை

சில மாதங்களுக்கு முன் ஆயர் ஈத்தாம் சந்தைக்கு அருகில் எங்கள் பழைய மாணவி ஒருத்தியின் தந்தையைச் சந்தித்தோம். முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர் அவர். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு பினாங்குத் தீவுக்கு வந்து, மகனோடு அடுக்குமாடி வீட்டில் வாழ்கிறார். மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்றார். ஆனால் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. என்ன படிப்பு என்று கேட்டோம்.

“பாலர் கல்வியாம், வாத்தியாரே. எங்கள் தோட்டத்தில் ஆயாம்மா செய்த வேலைதானே அது? அவர் எந்தக் கல்லூரிக்குப் போனார்? நாற்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவில்லையா? அதற்கா இத்தனை வருடப் படிப்பு?”

இது நியாயமான கேள்வி. தோட்டப்புறத்துக் குடும்பங்கள் பலவற்றிலும் இதே கேள்வி எழுவதை அறிவோம். அன்று அவரிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

முதலில் நம் ஆயாக் கொட்டகையை நினைத்துப் பார்ப்போம். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டிய தாய், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கொட்டகையில் விட்டுச் செல்வாள். வரிசையாக ஏணைகள் தொங்கும். ஒருவரோ இருவரோ ஆயாக்கள் பால் புகட்டுவார்கள், கழுவி விடுவார்கள், தூங்க வைப்பார்கள். எந்தக் குழந்தைக்கு எந்தத் தாலாட்டு பிடிக்கும், எது காய்ச்சலின் அழுகை, எது பசியின் அழுகை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். அந்த அறிவை யாரும் குறைத்துப் பேசலாகாது. ஆனால் நாற்பது பிள்ளைகளுக்கு நான்கு கைகள் இருந்தால், ஒவ்வொரு பிள்ளையோடும் உட்கார்ந்து பேச நேரம் ஏது? அது ஆயாவின் குற்றம் அன்று. அவருக்கு அதற்கு மேல் கைகளையும் கருவிகளையும் எவரும் தரவில்லை.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு வயது முதல் பதினான்கு வயது வரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளியின் கணக்கு ஏழு வயதில்தான் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டுகள் கல்வியின் கணக்கில் சேரவில்லை. அதன் விளைவை முதலாம் ஆண்டு வகுப்பில் நின்ற ஆசிரியர்கள் நன்கு அறிவர். பெயர் சொல்லி அழைத்தால் நிமிர்ந்து பார்க்கத் தயங்கும் பிள்ளை, பென்சிலை முதன்முதலாக அன்றுதான் தொடும் பிள்ளை எனப் பலரைக் கண்டிருக்கிறோம். அறிவில் அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். அவர்களோடு பேசியவர்கள்தாம் குறைவு. ஆறு வயதுக்குள் மனித மூளை, வளர்ந்தவரின் மூளையளவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கை எட்டிவிடுகிறது என்று இன்று அறிவியல் கூறுகிறது. அந்த ஆறு ஆண்டுகளைத்தான் நாம் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தோம்.

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஆசிரியர் வேண்டும், அந்த ஆசிரியருக்குப் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் எங்கே வலுப்பெற்றது? அரண்மனையில் அன்று, தொழிலாளர் குடியிருப்பில். இத்தாலி நாட்டின் ரோம் நகரில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதி. தாயும் தந்தையும் வேலைக்குப் போனதும், பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் தனியே விடப்பட்டனர். அவர்கள் மாடிப்படிகளில் ஓடினர்; சுவர்களில் கிறுக்கினர். கட்டடச் சொந்தக்காரர்கள் சுவரைக் காப்பாற்ற எண்ணி, பிள்ளைகளை ஓர் அறையில் சேர்க்கத் திட்டமிட்டனர். அந்தப் பொறுப்பை ஏற்றவர் மரியா மாண்டிசோரி என்ற பெண் மருத்துவர். 1907-ஆம் ஆண்டு ஜனவரி 6-ஆம் நாள் அந்தக் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. நம் ஆயாக் கொட்டகையைப் போலவே, அங்கும் பிள்ளைகளோடு இருந்த முதல் பெண்மணி ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அல்லர்.

மாண்டிசோரி அம்மையார் அங்கே செய்த பெரிய வேலை கற்பிப்பது அன்று, கவனிப்பது. எந்தப் பிள்ளை எந்தப் பொருளைக் கையில் எடுக்கிறது, எத்தனை முறை திரும்பத் திரும்பச் செய்கிறது, எப்போது தானாகவே நிறுத்துகிறது என்று பார்த்தார். உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைப் பிள்ளைகள் விரலால் தடவிக் கற்றனர். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரல் வைத்து எழுதிப் பழகியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். விரல் அறிந்ததை மூளை விரைவில் அறிகிறது.

அந்த அம்மையார் ஒரு நாள் தமிழ்நாட்டுக்கே வந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், அவருடைய துணைவியார் ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பை ஏற்று, 1939-ஆம் ஆண்டு தம் 69-ஆம் வயதில் அவர் சென்னை அடையாறுக்கு வந்து சேர்ந்தார். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் அவருடைய முதல் வகுப்பில் சேர்ந்தனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மகன் மாரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

சில மாதங்களில் ஊர் திரும்புவதாக ஏற்பாடு. ஆனால் 1940-ஆம் ஆண்டு ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் அரசு மாரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரின் நடமாட்டத்துக்கும் தடை விதித்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள், அம்மையாரின் 70-ஆம் பிறந்த நாளில், மகனை விடுவித்தது. போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் அவர்கள் தங்கிப் பணியைத் தொடர்ந்தனர்; 1944-இல் இலங்கையிலும் பயிற்சி நடந்தது. அந்த ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் பயிற்சி பெற்றனர்.

ஆனால் வரலாறு அத்தோடு நின்றால் அது பாதி வரலாறுதான். அழகிய மரக் கருவிகளும் பெட்டிகளும் கொண்ட அந்த முறை, பல ஊர்களில் பணம் படைத்தோர் பிள்ளைகளின் பள்ளியாக மாறிவிட்டது. தொழிலாளர் பிள்ளைக்காகப் பிறந்த கல்வி தொழிலாளரை விட்டு விலகிப் போயிற்று. அதைத் திரும்பக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் தாராபாய் மோடக். கிஜுபாய் பதேகா 1920-இல் பாவ்நகரில் தொடங்கிய பாலமந்திரில் பணியாற்றியவர் அவர். 1945-இல் மராட்டியக் கடலோரக் கிராமமான போர்டியில் பாலர் கல்வி நிலையம் அமைத்தார். பணி பின்னர் கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. அவருக்குத் துணை நின்றவர் அனுதாய் வாக். அவர்கள் விலை உயர்ந்த கருவிகளைத் தேடவில்லை. கூழாங்கல், விதை, இலை, கிளிஞ்சல் ஆகியவற்றைக் கொண்டே எண்ணவும் பிரிக்கவும் அடுக்கவும் கற்பித்தனர். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால், பிள்ளை இருக்கும் முற்றத்துக்குப் பள்ளி போயிற்று. முற்றம் என்று பொருள்படும் அங்கன் என்ற சொல்லிலிருந்தே அங்கன்வாடி என்ற பெயர் வந்தது.

இதே காலத்தில் பல்கலைக்கழகங்களும் விழித்துக்கொண்டன. 1949-இல் தோன்றிய பரோடா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் ஹன்சா மேத்தா என்ற பெண்மணி. அங்கே மனையியல் புலத்தில் குழந்தை வளர்ச்சியும் ஒரு துறையாக வளர்ந்தது. அத்துறையோடு இணைந்து ஒரு பாலர் பள்ளியும் நடந்தது. தமிழ்நாட்டில் 1957-இல் கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி தொடங்கியது. அது 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தபோது, இராஜம்மாள் தேவதாஸ் அதன் முதல் துணைவேந்தரானார். 1972-இல் பள்ளி வயதுக்கு முந்திய பிள்ளைகளின் வளர்ச்சி பற்றி இந்திய அரசுக்கு அறிக்கை தந்த ஆய்வுக் குழுவின் தலைவர் மீனா சுவாமிநாதன். தமிழ் எழுத்தாளர் கிருத்திகாவின் மகள். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது.

நம் நாட்டுக்கு வருவோம். நம் பினாங்கில் 1969-இல் தோன்றிய அறிவியல் பல்கலைக்கழகம், முதலில் வகுப்பு நடத்தியது எங்கே தெரியுமா? குளுகோர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் இடத்தில்தான். இரவல் வாங்கிய அந்த அறைகளிலிருந்து 1971-இல் மிண்டன் வளாகத்துக்கு மாறியது. தஞ்சோங் மாலிமில் 1922-இல் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியோ 1997-இல் தானே பல்கலைக்கழகமாகிவிட்டது. அங்கே பாலர் கல்வி ஒரு பட்டப் படிப்பு. 1984-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களை ஒழுங்குபடுத்தியது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் பள்ளியைத் தேசியக் கல்வி அமைப்பின் ஓர் அங்கமாக்கியது. 2013-இல் வெளிவந்த கல்விப் பெருந்திட்டம், பாலர் பள்ளி ஆசிரியருக்குக் குறைந்தது டிப்ளோமா தகுதியாவது வேண்டும் என்று வகுத்தது.

இத்தகைய படிப்பைத் தலைமையேற்று நடத்துபவரின் பொறுப்பு சிறிதன்று. இந்த வரலாற்றைப் பார்த்தால் மூன்று கடமைகள் தெளிவாகின்றன. ஒன்று, பயிற்சி நடக்கும் இடத்தில் பிள்ளைகள் இருக்க வேண்டும். விரிவுரையை மட்டும் கேட்டு எவரும் பாலர் ஆசிரியராக முடியாது. இரண்டு, பயிற்சி மாணவர் முதலில் கவனிக்கப் பழக வேண்டும். ‘இந்தப் பிள்ளை முரடு’ என்று எழுதுவது கவனிப்பு அன்று. ‘இந்தப் பிள்ளை காலையில் மூன்று முறை கதவருகே போய்த் தாயைத் தேடியது’ என்று எழுதுவதே கவனிப்பு. மூன்று, பட்டணத்துப் பிள்ளையை மட்டும் மனத்தில் வைத்துப் பாடத்திட்டம் வகுக்கலாகாது. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை, புத்தகமே இல்லாத வீட்டுப் பிள்ளை, பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளை ஆகியோரிடமும் மாணவரை அனுப்ப வேண்டும்.

இதைச் செய்ய நம் வீட்டுப் பெண்களும் ஆண்களும் அந்தப் படிப்பில் இருக்க வேண்டும். பட்டணத்தில் வளர்ந்தவர் நம் பிள்ளையின் மௌனத்தைப் புரிந்துகொள்ள ஓராண்டு ஆகலாம். அதே லயத்தில் வளர்ந்தவருக்கு ஒரு நாள் போதும்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, பல ஆண்டுகளாகப் பிள்ளைகளைப் பார்த்துவரும் பெண்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கும் ஒரு வாசல் இருக்கிறது. நம் நாட்டில் எம்.கியூ.ஏ. என்னும் தகுதி அமைப்பு, முன் அனுபவத்தால் கற்றதை மதிப்பிட்டுச் சேர்க்கும் ‘ஏப்பல்’ என்ற முறையை வைத்துள்ளது. டிப்ளோமாவுக்கு 20 வயதும், பட்டப் படிப்புக்கு 21 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். உரிய வேலை அனுபவம் வேண்டும். மதிப்பீட்டில் தேற வேண்டும். ஏணை ஆட்டிய கையும் கல்லூரி வாசலைத் தட்டலாம் என்பதே இதன் பொருள். அக்கம்பக்கத்தில் அப்படிப்பட்டவர் இருந்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

இவற்றுள் இயன்றதை அன்று சந்தையருகே அந்தத் தந்தையிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அப்படியானால் எங்கள் ஆயாம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்று அங்கே சொல்லிக்கொடுக்க மாட்டார்களே?” என்றார். மாட்டார்கள் என்றோம், அப்படிச் சொல்லிக்கொடுத்தால் அது நல்ல பயிற்சியே அன்று என்றும் சொன்னோம்.

அவர் மகள் படிப்பில் சேர்ந்துவிட்டாள். போகுமுன் தந்தை அவளை அந்த ஆயாம்மாவின் வீட்டுக்கு அழைத்துச் சென்று ஆசி வாங்க வைத்தாராம். முதியவர் அவளிடம் ஒரே ஒரு செய்தியைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்: “அழுகிற பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் அதன் பெயரைக் கூப்பிடு.”

எந்தப் பல்கலைக்கழகமும் முதல் நாள் பாடமாக வைக்கத்தக்க சொல் அது. நம் பிள்ளைகளின் முதல் ஆறு ஆண்டுகளைக் கணக்கில் சேர்ப்போம். அவர்களுக்குக் கற்பிக்க முன்வரும் நம் மக்களைத் தலை நிமிர்ந்து அனுப்பிவைப்போம்.