கோடர்மாக் கல்லும் குசினிச் சவர்க்காரமும்

கைவேலைச் சவர்க்காரத்தில் பொன்னாகவும் நீலமாகவும் மினுங்கும் பொடி ஒரு கல்லின் தூள். கடையில் மைக்கா என்று கேட்டு வாங்குகிறோம். வைத்தியர்கள் அப்பிரகம் என்பார்கள், பிள்ளைகளுக்கு அது காக்காப்பொன். நம் பக்கத்து ஆற்றுமணலிலும் அதன் சிறு தகடுகள் வெயிலுக்குப் பளிச்சிடும். ஆனால் அழகுசாதனங்களுக்குப் போகும் இயற்கை மைக்காவுக்குப் பேர்போன இடம் இந்தியாவின் ஜார்க்கண்ட், பீகார் எல்லை. கோடர்மா, கிரிடீ, நவாதா மாவட்டங்களின் காட்டு நிலத்துக்கடியில் அது கிடக்கிறது.

ஏடேடாக உரியும், சூடு தாங்கும், மின்சாரத்தைக் கடத்தாது. இந்தக் குணங்களுக்காகத்தான் உலகம் அதைத் தேடிப் போனது. பழைய மின்னழுத்திகளுக்குள் சூட்டுக்கம்பி சுற்றியிருந்த தகடு மைக்காதான். இரண்டாம் உலகப்போரில் வானொலிக் கருவிகளுக்கும் விமான எஞ்சின்களுக்கும் அது அவ்வளவு தேவைப்பட்டதால், 1942இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் கூட்டு மைக்காத் தூதுக்குழு ஒன்றையே இந்தியாவில் அமர்த்தின.

பிறகு மாற்றுப் பொருட்கள் வந்தன. பெரிய வாங்குநரான சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1980இன் வனப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் காட்டுக்குள் இருந்த சுரங்கங்கள் பல மூடப்பட்டன. சனங்கள் எங்கே போவார்கள்? கைவிட்ட குழிகளிலும் கழிவுக் குவியல்களிலும் ‘டிப்ரா’ எனும் உடைசலைப் பொறுக்கி விற்பதே பல வீடுகளின் பிழைப்பானது. எலிவளை போன்ற அந்தப் பொந்துகளுக்குள் நுழையச் சின்ன உடம்புதான் தோது என்று பிள்ளைகளும் இறங்கினார்கள். இரண்டே மாதத்தில் ஏழு பிள்ளைகள் சட்டவிரோதக் குழிகளில் மாண்டதையும், அந்தச் சாவுகள் மறைக்கப்பட்டதையும் தொம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2016இல் வெளிக்கொண்டுவந்தது. ஜார்க்கண்டின் மைக்கா வட்டாரங்களில் 6 முதல் 14 வயது வரையான 4,545 பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவில்லை என்று, இந்தியாவின் தேசியச் சிறுவர் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கெடுப்பு 2019இல் சொன்னது. சவர்க்காரத்துக்கு நிறம் ஊட்டுவதைப் பற்றி எழுதும்போது இதை ஒரு மூலையில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

தரகர்களின் கைமாறி உடைசல் தொழிற்சாலைக்குப் போகிறது. அரைத்து மெல்லிய செதிலாக்கி, அதன்மேல் டைட்டானியம் டைஒக்சைட்டையோ இரும்பு ஒக்சைட்டையோ படியவைத்துச் சூளையில் சுடுகிறார்கள். டைட்டானியப் படலம் 40 முதல் 60 நானோமீட்டர் என்றால் வெள்ளி மினுக்கம். தடிக்கத் தடிக்கப் பொன், சிவப்பு, நீலம், பச்சை என்று மாறும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் வருவது ஒரு நானோமீட்டர். அவ்வளவு நுட்பமான பூச்சு. டூபொன்ட் நிறுவனம் இதற்கு 1963இல் காப்புரிமை பெற்றது. அதற்கு முன்பு முத்து மினுக்கத்தை மீன் செதிலிலிருந்தும் எடுத்தார்கள். வாழைச்சேனைத் துறைமுகத்தின் மீன்வாடையில் வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் வியப்புத்தான்.

கொழும்பில் இறங்கிச் சின்னச் சின்னப் பொட்டலமாகி, பொலன்னறுவை, வெலிக்கந்தை, புணானை தாண்டி அது நம் ஓட்டமாவடிக்கு வருகிறது. அதற்குரிய சோதனை இனித்தான்.

அடுப்பில் காய்ச்சாமல் வார்க்கும் சவர்க்காரத்தில், 1 கிலோ தேங்காயெண்ணெய் முழுதாக மாற ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். தோல் வறளாமலிருக்க அதைக் குறைத்தே போடுவார்கள். வெறும் தேங்காயெண்ணெய் என்றால் 20 வீதம் வரைகூட. சோடாவைத் தண்ணீரில் போடுங்கள், தண்ணீரைச் சோடாவின்மேல் ஊற்றவே வேண்டாம். அலுமினியச் சட்டி ஆகாது. காரம் அதை அரித்து ஐதரசன் வாயுவைக் கிளப்பும். கையுறையும் கண்ணுக்குக் காப்பும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது. மைக்காவை 500 கிராம் எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டி எடுத்து, முதலில் கொஞ்ச எண்ணெயில் குழைத்து, கலவை தடித்து மேலே விட்ட துளி தடம் காட்டும் பதத்தில் சேர்க்கவேண்டும். கூடினால் நுரையும் நிறமாகும்.

மைக்காச் செதிலைக் காரம் ஒன்றும் செய்யாது. அதோடு சேர்த்து விற்கும் நிறமிகள்தான் காலை வாரும். பொட்டலத்தில் நிறமிகளைக் குறிக்க அச்சிட்டிருக்கும் சி.ஐ. எண்களைப் பாருங்கள். 77019 மைக்கா. நீலத்தில் 77510 இருந்தால் அது பிரஷ்யன் நீலம், காரத்தில் உடைந்து துருப்பழுப்பாகிவிடும். ஊதாவில் 77742 என்றால் மங்கனீஸ் ஊதா, அதுவும் நிலைக்காது. அல்ட்ராமரீன் நீலம் 77007, குரோமியம் ஒக்சைட் பச்சை 77288, இரும்பு ஒக்சைட் சிவப்பு 77491 ஆகியவை தாங்கும். சிவப்பில் 75470 என்றிருந்தால் அது கார்மைன், கொச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் சாயம். கொழுப்பு எந்த மிருகத்தினுடையது என்று விசாரித்து வாங்கும் நம் வீடுகள் இந்த எண்ணையும் விசாரிக்கவேண்டும்.

வார்த்த கட்டி நான்கு முதல் ஆறு கிழமை காயவேண்டும். மாரியில் வாவிக்காற்றின் ஈரத்தைக் கிளிசரின் இழுத்து, கட்டியின்மேல் நீர் கோத்து நிற்கும். அதைத் துடைத்துக் காற்றோட்டமாக வைத்தால் போதும்.

அழுக்கை நீக்குவதில் மைக்காவுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனாலும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வீட்டிலிருந்தே உழைக்கும் ஒரு பெண்ணின் சவர்க்காரம் கடைத்தட்டில் கண்ணில் படுவது அந்த மினுக்கத்தால்தான். பிரித்தானியாவின் லஷ் நிறுவனம் 2018இல் இயற்கை மைக்காவைக் கைவிட்டுச் செயற்கைக்கு மாறியது. மூலப்பொருட்களை மிக உயர்ந்த வெப்பத்தில் உருக்கிச் செய்வது அது. பொட்டலத்தில் சிந்தெற்றிக் புளோர்புளோகோபைட் என்றிருக்கும். எல்லோரும் இப்படி விலகினால் டிப்ரா பொறுக்கும் வீடுகளின் சொற்ப வருமானமும் போய்விடும் என்ற வாதம் நியாயமானது. 2017இல் பாரிசில் தொடங்கிய பொறுப்பான மைக்கா முன்னெடுப்பு, விலகாமல் நின்று பிள்ளைகளைக் குழியிலிருந்து மீட்கும் வழியைத் தேடுகிறது. கல் புறப்பட்ட இடத்தைக் காட்டக்கூடிய விற்பனையாளர் கிடைத்தால் இயற்கை மைக்காவை வாங்குவது தவறல்ல என்பது என் முடிவு.

சவர்க்காரம் வார்க்கும் தாத்தாமாரே, தங்கச்சிமாரே, அடுத்த பொட்டலம் வாங்குமுன் இரண்டைக் கேளுங்கள்: இதில் என்னென்ன எண்கள் இருக்கின்றன, இந்தக் கல் எங்கே வெட்டியது? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் செயற்கை மைக்காவையே கேட்டு வாங்குங்கள்.