எச் அனிச்சையின் வீழ்ச்சி எதற்குச் சான்று? முதுகெலும்புக் கையாள்கை ஆய்வில் ஒரு மறுவாசிப்பு

இடுப்பு முள்ளெலும்பின் அடிமூட்டில் வேகமான உந்தல் ஒன்றைக் கொடுத்தால், கெண்டைக்கால் தசையின் எச் அனிச்சை (உணர்நரம்பை மின்னால் தூண்டும்போது முதுகுத்தண்டு வழியாகத் தசையில் எழும் விடை; பதிவில் எச் அலை) சற்று நேரம் சிறுத்துப் பிறகு பழைய அளவுக்குத் திரும்புகிறது. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வின் முடிவு இது. இத்தகைய உந்தல், அதாவது கையாள்கை, இயக்க நரம்பணுக்களை அடக்குகிறது, அதனால்தான் இறுகிய முதுகுத்தசை தளர்கிறது என்னும் விளக்கம் பெருமளவு இந்த முடிவின்மேல் நிற்கிறது. அவ்வீழ்ச்சி பதிவானதை நான் மறுக்கவில்லை. அதிலிருந்து தசைத் தளர்ச்சிக்குத் தாவும் வாசிப்பை மறுக்கிறேன்.

முதலில் உடலின் கிடை. பதிவின்போது குப்புறப் படுத்திருப்பவர் உந்தலுக்காக ஒருக்களிக்கிறார். கால் மடக்கப்படுகிறது, இடுப்பு முறுக்கப்படுகிறது. பிறகு மீண்டும் குப்புறத் திரும்புகிறார். எச் அனிச்சை இதையெல்லாம் பொருட்படுத்தாத அளவுகோல் அன்று. படுத்திருப்பவர் எழுந்து நின்றாலே அது குறையும். முழங்காலின் பின்குழியில் ஒட்டிய மின்முனை நரம்பைவிட்டு இம்மியளவு விலகினாலும் தூண்டலின் வலிமை மாறிவிடும். அப்படி மாறியதா என்பதைக் கூடவே பதிவாகும் எம் அலைதான், அதாவது அதே தூண்டல் இயக்க நரம்பு வழியே நேராகத் தசையில் எழுப்பும் அலைதான், காட்டிக்கொடுக்கும். எம் அலை நிலையாக இருந்ததென்று நிறுவாத பதிவை வைத்து எச் அலையின் உயரத்தைப் பேசுவது வீண். 2005இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு நலமானவர்களை ஒருக்களித்த கிடையிலேயே வைத்து முன்னும் பின்னும் அளந்தது. குறிப்பிடத்தக்க வீழ்ச்சி தென்படவில்லை. முன்பு கண்ட குறைவை உடலசைவின் விளைவாகவே அவ்வாய்வாளர்கள் கொண்டனர். நானும் அப்படியே கொள்கிறேன்.

ஆனால் அதே ஆய்வில், இடுப்புவலி உள்ளோரிடம் குறைவு எஞ்சியது. எதிர்த்தரப்பு பற்றிக்கொள்ளும் கொம்பு இதுதான். எளிதில் ஒடிக்கத்தக்கதும் அன்று. இருந்தும், எஞ்சியது எதன் குறைவு என்று கேட்க வேண்டியிருக்கிறது. தசைக்கதிரிலிருந்து வரும் உணர்நரம்பின் முனை, அது சென்று சேரும் இயக்க நரம்பணு ஆகிய இரண்டில் எது மந்தமானாலும் எச் அலை சிறுக்கும். ஒரு தசையை முன்கூட்டியே இழுத்துவிட்டாலே போதும், அதன் உணர்நரம்பு முனைகள் சில நொடிகளுக்குக் குறைவான வேதித்தூதையே வெளியிடும். நரம்பணுவோ மாறாமல் இருக்கும். ஆகவே எச் அனிச்சையை மட்டும் வைத்து நரம்பணு அடங்கியது என்று முடிவுகட்ட வழியில்லை.

வேறு வழியில் நரம்பணுவைத் தட்டிப் பார்த்தால் என்ன? 2002இல் அது செய்யப்பட்டது. மண்டையோட்டின் மேலிருந்து காந்தத் துடிப்பால் மூளைப் புறணியைத் தூண்டியபோது, கையாள்கைக்குப் பின் கெண்டைக்காலில் எழுந்த மின்விடை சிறிது நேரம் கூடியது. குறையவில்லை. நரம்பணு உண்மையிலேயே அடங்கியிருந்தால் எந்த வழியாகத் தட்டினாலும் விடை மெலிந்திருக்க வேண்டும். புறணியின் கிளர்ச்சி கூடி, கீழே நேர்ந்த இழப்பை மறைத்திருக்கலாம் என்று வாதிடலாம். அதை முற்றாக மறுக்கும் சான்று என்னிடம் இல்லை. அப்படியே இருந்தாலும் ஓரிடத்தில் ஏற்றம், ஓரிடத்தில் இறக்கம் என்றாகிறது. ‘அடக்கம்’ என்ற ஒற்றை விளக்கம் அங்கேயே முறிகிறது.

தசையின் விடையை நேரடியாகப் பதிவுசெய்த 1999ஆம் ஆண்டு ஆய்வு ஏனோ இவ்விவாதத்தில் ஓரங்கட்டப்படுகிறது. உந்தல் தொடங்கிய 50 முதல் 200 மில்லிநொடிக்குள் முதுகுத்தசைகளிலும் கைகால் தசைகளிலும் மின்துடிப்பு எழுந்து, 100 முதல் 400 மில்லிநொடி நீடித்தது. உந்தலுக்குத் தசை தரும் முதல் விடை சுருக்கம், தளர்ச்சி அன்று. அங்கே சோதிக்கப்பட்டவர்கள் வலியற்றவர்கள் என்பதால் நோயாளிக்கு இதை அப்படியே பொருத்த நான் துணியவில்லை. ஆனால் தளர்ச்சிக் கொள்கையினர் தங்கள் கெண்டைக்கால் அளவை முதுகுக்குப் பொருத்தும்போது இந்தத் தயக்கம் எதையும் காட்டியதில்லை. வலி முதுகில், அளந்ததோ காலில்.

இரண்டு மறுப்புகளுக்கு நீண்ட விடை தேவையில்லை. மூட்டில் எழும் சொடக்கொலியே மருந்து என்பார்க்கு: அவ்வொலி மூட்டுநீரில் வாயுக்குழி உருவாவதைச் சொல்கிறது, நரம்பைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. எல்லாம் நோயாளியின் நம்பிக்கையே என்பார்க்கு: 50 மில்லிநொடியில் எழும் துடிப்பை நம்பிக்கை எழுப்பாது.

இனி இத்துறையில் அளப்பவர்கள் எம் அலையையும் உடற்கிடையையும் பதிவோடு சேர்த்து வெளியிட வேண்டும். எச் அனிச்சையையும் புறணித் தூண்டலின் விடையையும் ஒரே அமர்வில், ஒரே நோயாளியிடம், முதுகுத்தசையிலேயே எடுக்க முயல வேண்டும். அதுவரை, கையாள்கை இயக்க நரம்பணுவை அடக்கித் தசையைத் தளர்த்துகிறது என்னும் வரியைப் பிசியோதெரபி மாணவர்களுக்கு நிறுவப்பட்ட உண்மையாகக் கற்பிப்பதை ஆசிரியர்கள் நிறுத்த வேண்டும்.