பத்தமடைப் பட்டுப்பாய்

பத்தமடைப் பட்டுப்பாய் என்பது திருநெல்வேலி மாவட்டத்தில், சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ள பத்தமடை என்னும் ஊரில் கோரைப்புல்லால் நெய்யப்படும் நயமான பாய் ஆகும். பெயரில் உள்ள பட்டு அதன் மென்மையைக் குறிக்கிறது. இங்குள்ள லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் தலைமுறைகளாக இத்தொழிலைச் செய்து வருகின்றன.

இவ்வூருக்கு வடக்கே கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் மானாவாரி நிலம் பருத்திக்குப் பெயர்பெற்றது. பத்தமடையோ தாமிரபரணிப் பாசனப் பகுதி. பாயில் பருத்தி நூல் பாவாகவும், ஆற்றுப்படுகையில் வளரும் கோரை ஊடையாகவும் அமைகின்றன. அறுத்த கோரையைக் காயவைத்து, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, கத்தியால் மெல்லிய இழைகளாகக் கீறுவர். இழை எவ்வளவு மெலிதோ அவ்வளவு நயம். நெய்யும் நாளும் அவ்வளவு கூடும். மிக நயமான பாயைத் துணிபோல மடித்துவிடலாம்.

அரண்மனை விரிப்புகள் என்றதும் சீனாவின் சிங் மரபுக் காலப் (1644–1912) பட்டுக் கம்பளங்கள் நினைவுக்கு வரும். உலோக இழை கலந்து, ஐந்து நக டிராகன் உருவத்துடன் நெய்யப்பட்ட சில கம்பளங்களில் பெய்ஜிங் அரண்மனை மண்டபங்களின் பெயர்கள் உள்ளன. ஆனால் அவற்றில் பல, பேரரசின் இறுதிக் காலத்தை ஒட்டிச் சந்தைக்காக நெய்யப்பட்டிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மண்டபத்தின் பெயர் இருப்பதாலேயே ஒரு கம்பளம் அங்கே விரிக்கப்பட்டது என்று கொள்ள இயலாது.

பத்தமடைப் பாயும் அரண்மனைக்குச் சென்றது. 1953-இல் இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு இது பரிசாக அனுப்பப்பட்டது. எனினும் அரசர்களுக்காகத் தோன்றிய தொழில் அன்று இது. இப்பாயில் வழக்கமாக நெய்யப்படுபவை மணமக்களின் பெயர்களும் திருமண நாளும்தான். கல்யாணச் சீராகப் பாய் கொடுக்கும் வழக்கமே நெசவாளருக்கு நிலையான வேலை தந்தது.

பிளாஸ்டிக் பாய்களும் விசைத்தறிப் பாய்களும் மலிவாகக் கிடைப்பதால் அந்தத் தேவை குறைந்துள்ளது. பல நாள் உழைப்புக்கு ஏற்ற கூலி கிடைக்காதபோது, நுண்ணிழை கீறும் பழக்கம் அடுத்த தலைமுறைக்குச் செல்வது கடினம். பத்தமடைப் பாய் புவிசார் குறியீடு பெற்றுள்ளது. அது ஊரின் பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் காக்கும். தொழில் நீடிப்பது, கைப்பாய்க்கு உரிய விலை கொடுத்து வாங்குவோரைப் பொறுத்தது.