நெகடிவ் யாரிடம் இருக்கிறது?

வண்டலூரில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டின் குளியலறை, ராத்திரி ஒன்பது மணிக்குமேல் இருட்டறையாகிவிடும். ஜன்னலில் கறுப்புத் தாள், ஒரு சிவப்பு பல்பு, மூன்று பிளாஸ்டிக் தட்டுகள். கேமரா கிடையாது, கைபேசிதான். அதில் எடுத்த படத்தைக் கணினியில் கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்சத்தை இருட்டாகவும் இருட்டை வெளிச்சமாகவும் புரட்டி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்டில் இங்க்ஜெட் பிரின்டரில் அச்செடுத்தால் அதுதான் நெகடிவ். அதைப் புரோமைடு தாளின்மேல் கண்ணாடியால் அழுத்திவைத்துச் சில விநாடிகள் விளக்கைக் காட்ட வேண்டும். அப்புறம் டெவலப்பரில் போட்டால் முகம் மெல்ல எழுந்து வரும். டெவலப்பர் 20 டிகிரியில் இருப்பது நல்லது. மே மாத வண்டலூரில் குழாய்த் தண்ணீரே முப்பதைத் தாண்டுகிறது. தட்டைச் சுற்றி ஐஸ்கட்டி போட்டு ஒப்பேற்றுகிறேன்.

இதைப் பார்த்த தோழர் ஒருவர், “போன்ல இருக்கறத திரும்ப எதுக்குங்க பேப்பர்ல கொண்டுவரணும்? இது சுத்த நடுத்தர வர்க்கத்து ஏக்கம்” என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. பழமை ஒரு சரக்காக விற்பனைக்கு வந்துவிட்ட காலம் இது. ஆனால் எங்க ஆயாவுக்கு இந்த உலகத்தில் இருப்பது ஒரே ஒரு படம்தான். அதுவும் எங்களுடையதல்ல. அவள் நாற்று நட்ட பண்ணைவீட்டுக் கல்யாண குரூப் போட்டோவில், வலது ஓரத்தில், பாதி முகம் தூணில் மறைய நிற்கிறாள். ஆகவே எனக்கு இது பழசா புதுசா என்ற விவாதமாகப் படவில்லை. நெகடிவ் யாரிடம் இருக்கிறது என்பதே கேள்வி. அந்தக் கேள்விக்கு இங்கே ஒரு வரலாறு உண்டு.

கம்பெனி ராணுவ அதிகாரி லின்னேயஸ் ட்ரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பகுதிகளில் எடுத்த படங்கள் 1858இல் ஆல்பங்களாக வெளிவந்தன. காகிதத்தையே நெகடிவாகப் பயன்படுத்தியவர் அவர். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 நெகடிவ்களில் பிடித்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டி ஒரே படமாக்கினார். வெறுமையாக விழுந்த வானத்தில் மேகங்களை நெகடிவின்மேல் சாயத்தால் வரைந்து சேர்த்தார். கணினி வந்த பிறகுதான் புகைப்படம் பொய் சொல்லக் கற்றுக்கொண்டது என்று புலம்புகிறவர்கள் இந்த மேகங்களைப் பார்க்க வேண்டும். காலனிய ஆவணம் பிறக்கும்போதே கைவேலையோடுதான் பிறந்தது. 1859இல் ஆளுநராக வந்த ட்ரெவெல்யன் இதை வீண்செலவென்று நிறுத்திவிட்டார். கல்வெட்டு நம்ம ஊரில் இருக்கிறது. நெகடிவ்களைப் பார்க்க இங்கிலாந்துக்குப் போக வேண்டும்.

அரசிடமிருந்து ஸ்டூடியோவுக்கு வந்தபோது படம் ஜனநாயகப்பட்டது எனலாம். காசு கொடுத்தவருக்குப் பிரின்ட் கிடைத்தது. நெகடிவ் மட்டும் ஸ்டூடியோ அலமாரியிலேயே தங்கிவிட்டது. வால்டர் பெஞ்சமின் 1930களின் நடுவில் எழுதிய கட்டுரையில், ஒரு நெகடிவிலிருந்து எத்தனை பிரதியும் எடுக்கலாம், ‘அசல் பிரதி எது’ என்று கேட்பதில் பொருளில்லை என்று வாதிட்டார். சரிதான். ஆனால் எத்தனை பிரதியும் எடுக்கிற அந்த உரிமை யார் கையில் இருந்தது என்பதை நம் தெருக்களில் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆயாவின் படத்துக்காக என் மாமா அந்த ஸ்டூடியோவைத் தேடிப் போனபோது, “அதெல்லாம் வெள்ளிக்காக எடைக்குப் போட்டாச்சு” என்று பதில் வந்தது. நெகடிவில் இருப்பது வெள்ளி. படம் கொண்டுவரவும் பிலிமைக் கழுவுகிறோம், வெள்ளி எடுக்கவும் கழுவுகிறார்கள். இரண்டாவது கழுவலில் எத்தனை முகங்கள் போயின என்பதற்குக் கணக்கில்லை. மிஞ்சிய ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடி டிஜிட்டலாக்கியது முக்கியமான காரியம். ஆனால் ஸ்டூடியோவுக்குப் போகக் காசில்லாதவர்கள் அந்தச் சேகரத்திலும் ஓரத்தில்தானே நிற்க முடியும்?

வெள்ளியோடு இன்னொரு பொருளையும் சொல்ல வேண்டும். வெள்ளி உப்பைப் பிலிமிலும் தாளிலும் பிடித்துவைப்பது ஜெலட்டின். மாட்டின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது. ஆசாரமான கூடங்களில் மாலை போட்டுத் தொங்கிய அத்தனை முன்னோர்களும் அந்தப் பசையில்தான் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். எலும்பு பொறுக்கியவரின் முகம் அந்தச் சுவர்களில் இல்லை. புகைப்படம் பற்றிய நம் அழகியல் சொல்லாடல்கள் இந்த உழைப்பைத் தொட்டதில்லை.

1960இல் மத்திய அரசு ஊட்டியில் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967இல் உற்பத்திக்கு வந்தது. கறுப்பு வெள்ளைப் பிலிமும் தாளும் இங்கேயே ஆகும் என்று காட்டிய ஆலை அது. 1990களில் நலிந்த ஆலைகளின் வரிசையில் சேர்ந்தது. 2014இல் மூடும் முடிவு வந்தது. டிஜிட்டல்தான் கொன்றது என்பது வசதியான விளக்கம். கைபேசியில் கேமரா வருவதற்கு முன்பே அது நோயில் விழுந்துவிட்டதே! இன்று என் குளியலறைக்கு வரும் புரோமைடு தாள் கடல் கடந்து வருகிறது, விலையும் அதற்கேற்ப. நெகடிவ் என் கைக்கு வந்தபோது தாள் கையைவிட்டுப் போய்விட்டது. வீட்டு இருட்டறையை விடுதலை என்று நான் கொண்டாடாததற்கு இதுவே காரணம்.

ஆயாவின் படத்தைப் பண்ணைவீட்டுப் பேரன் சுவரிலிருந்தபடியே கைபேசியில் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினான். கேட்ட அன்றைக்கே அனுப்பினான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மணமக்களை விட்டுவிட்டு வலது ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். தூணை அழிக்கவில்லை, மறைந்த பாதியைக் கணினியில் இட்டு நிரப்பவும் இல்லை. ட்ரைப் வரைந்த மேகத்தை நான் வரைய விரும்பவில்லை. தாளுக்குக் காசு போதாததால் சயனோடைப்புக்கு மாறினேன். ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்த முறை. இரண்டு இரும்பு உப்புகளைக் கரைத்துச் சாதாரண வரைதாளில் பூசி, நெகடிவை வைத்து மொட்டைமாடி வெயிலில் கால்மணி நேரம் காட்டி, தண்ணீரில் அலசினால் போதும். இதற்கு வெள்ளியும் வேண்டாம், ஜெலட்டினும் வேண்டாம். போர் தண்ணீரின் காரத்தில் நீலம் வெளுக்கும் என்பதால் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட வேண்டும். பொறியாளர்கள் கட்டடத்துக்கும் பாலத்துக்கும் போட்ட ‘புளூபிரின்ட்’ இதே நீலம்தான். திட்டங்களைப் பிரதியெடுத்த நீலத்தில், எந்தத் திட்டத்திலும் பெயர் வராத ஒருத்தி.

ஈரத்தோடு கொடியில் காயப்போட்டிருந்ததை அம்மா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “என்னடி, சாமி படம் மாதிரி நீலமா இருக்கு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “சித்திக்கு ஒண்ணு, மாமாவுக்கு ஒண்ணு போட்டுக் குடு” என்றாள். நாலு பிரதி போட்டேன். நெகடிவ் ஷீட்டை அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். ரேஷன் கார்டு வைத்திருக்கும் உறையில், அதன் பின்னால் செருகி வைத்திருக்கிறாள்.