முந்திய நகரம், பிந்திய நகரம்

தெருவிளக்கு எரிய நிலக்கரியைச் சுட்டு வாயு எடுத்த காலத்தில், அந்தத் தொழிற்சாலைகள் பெரும்பாலும் தண்ணீர்க் கரையில்தான் எழுந்தன. நிலக்கரி படகில் வந்து இறங்கும். கழிவைத் தள்ளிவிடவும் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும். பிற்காலத்தில் குழாய் வழியே இயற்கை எரிவாயு வந்தபோது இந்த ஆலைகள் மூடப்பட்டன. நகரத்தின் மிக அழகான கரையும் மிகக் கெட்டுப்போன மண்ணும் ஒரே இடமாக அமைந்தது இப்படித்தான். அமெரிக்காவில் அத்தகைய இரண்டு கரைகளை இரண்டு நகரங்கள் பொதுப் பூங்காவுக்கென்று விலைக்கு வாங்கின. சியாட்டில் நகரம் யூனியன் ஏரியின் வடகரையில் சுமார் 20 ஏக்கரை 1962இல் 13.4 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதுதான் இன்றைய கேஸ் ஒர்க்ஸ் பூங்கா. நியூயார்க் நகரம் புரூக்ளினில், ஈஸ்ட் ஆற்றங்கரையில், புஷ்விக் இன்லெட் பூங்காவுக்காக வாங்கிய பல துண்டுகளில் ஒன்று மட்டும் 11 ஏக்கர். 2016இல் அதற்குப் பேசி முடித்த விலை 16 கோடி டாலர்.

இடைப்பட்ட 54 ஆண்டுகளில் டாலரின் மதிப்பு தேய்ந்ததைக் கழித்துப் பார்க்கலாம். சியாட்டில் கொடுத்த தொகை 2016ஆம் ஆண்டு மதிப்பில் சுமார் ஒரு கோடி டாலர். புரூக்ளினில் ஓர் ஏக்கருக்கே கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி ஆயிற்று. அதாவது, ஒரு நகரம் முழுப் பூங்காவுக்கும் கொடுத்ததைவிட இன்னொரு நகரம் ஓர் ஏக்கருக்கு அதிகம் கொடுத்திருக்கிறது. நியூயார்க் நியூயார்க்தானே என்று சொல்லிவிட்டு இதைக் கடந்து போகலாம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, எதை முதலில் செய்தார்கள், எதைப் பிறகு செய்தார்கள் என்பதில் இருக்கிறது.

சியாட்டில் ஆலை 1906இல் தொடங்கியது. முதலில் நிலக்கரி, 1937 முதல் எண்ணெய். 1956இல் குழாய் எரிவாயு வந்ததும் ஆலை நின்றுபோனது. பிறகு அந்த இடம் துருவேறிய கோபுரங்களும் தார் ஊறிய மண்ணுமாகக் கிடந்தது. வீடு கட்ட ஒருவரும் அதைக் கேட்டு வரவில்லை. நகர மன்ற உறுப்பினர் மர்டில் எட்வர்ட்ஸ் அதைப் பூங்காவாக்க வேண்டும் என்று விடாமல் வாதாடினார். விற்பவரும் ஒரே நிறுவனம்தான். நகரம் தவணை முறையில் பேசி முடித்தது. கடைசித் தவணை 1973இல் தீர்ந்தது. சுற்றியுள்ள நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற விதிகளை யாரும் தொடவில்லை, அடுக்குமாடிக் கனவு எதையும் யாருக்கும் விற்கவில்லை. ஆகவே விலையேற ஒரு காரணமும் இருக்கவில்லை.

புரூக்ளினில் நடந்தது நேர்மாறு. வில்லியம்ஸ்பர்க், கிரீன்பாயின்ட் பகுதிகளின் ஆற்றங்கரை, கிடங்குகளும் எண்ணெய்த் தொட்டிகளும் நிறைந்த பகுதி. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தின் மானிட்டர் என்ற இரும்புக் கப்பல் 1862இல் இந்தக் கரையில்தான் தண்ணீரில் இறங்கியது. 2005 மே மாதத்தில், மேயர் புளூம்பெர்க் காலத்தில், நகர மன்றம் இந்தக் கரையின் நிலப் பயன்பாட்டு விதிகளை மாற்றியது. தொழிற்சாலைக்கென்று ஒதுக்கியிருந்த இடங்களில் முப்பது, நாற்பது மாடிக் குடியிருப்புகளுக்கு வழி திறந்தது. அக்கம்பக்கத்தார் கேட்டதை விட மிக உயரமான கட்டடங்கள் அவை. அதற்கு ஈடாக அவர்களுக்குக் கிடைத்த பெரிய வாக்குறுதிகளில் ஒன்று 28 ஏக்கர் பூங்கா. வரைபடத்தில் பச்சை வண்ணம் அடித்தாயிற்று. ஆனால் அந்தப் பச்சைக்குள் இருந்த நிலம் அப்போது நகரத்துடையது இல்லை. பல உரிமையாளர்களிடம், பல துண்டுகளாக இருந்தது.

புறவழிச்சாலை வருகிறது என்ற பேச்சு கிளம்பினாலே மனை விலை என்ன ஆகும் என்பது நம் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே பேச்சைக் கிளப்பியதே விலை கொடுக்க வேண்டிய நகரம். பக்கத்து மனையில் நாற்பது மாடி எழும்போது, என் மனையில் மட்டும் ஏன் கிடங்கு விலை என்று உரிமையாளர் கேட்டால் அது தவறும் இல்லை. கட்டாயக் கையகப்படுத்தலுக்குப் போனாலும், அந்த நிலத்தை அதிக லாபம் தரும் வகையில் எப்படிப் பயன்படுத்த முடியும் என்பதைத்தான் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். மொத்த நிலத்துக்கும் ஆறு முதல் ஒன்பது கோடி டாலர் போதும் என்று நகரம் தொடக்கத்தில் மதிப்பிட்டிருந்தது. 2016இல் பேசைடு எண்ணெய் நிறுவனத்தின் சுமார் ஏழு ஏக்கர் துண்டுக்கு 5.3 கோடி, முன்பு சொன்ன 11 ஏக்கருக்கு 16 கோடி. இந்த இரண்டுக்கு மட்டுமே மதிப்பீட்டின் உச்சவரம்பைப் போல் இரு மடங்குக்கு மேல் ஆயிற்று.

அந்த 11 ஏக்கரின் கதையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அங்கே சிட்டிஸ்டோரேஜ் என்ற ஆவணக் கிடங்கு இருந்தது. 2015 ஜனவரி 31 அன்று அது தீப்பற்றியது. நீதிமன்றங்களும் மருத்துவமனைகளும் ஒப்படைத்திருந்த காகிதங்கள் கருகிப் பறந்து தெருவெங்கும் விழுந்தன. நெருப்பு அடங்க நாட்களாயின. காலியான மனையைக் கட்டுமான நிறுவனம் ஏதாவது வாங்கிவிடும் என்ற அச்சம் அப்போதுதான் அக்கம்பக்கத்தாருக்குத் தீயாகப் பரவியது. ‘எங்கள் பூங்கா எங்கே?’ என்ற பலகைகள் தெருவுக்கு வந்தன. மேயர் டி பிளாசியோவின் நிர்வாகம் 2016 ஜூனில் 10 கோடி டாலர் தர முன்வந்தது. உரிமையாளர் ஏற்கவில்லை. கட்டாயமாகக் கையகப்படுத்தும் பேச்சும் எழுந்தது. கடைசியில் நவம்பரில் 16 கோடிக்கு முடிந்தது. ஐந்தே மாதத்தில் ஆறு கோடி ஏறியதைப் பேரத்தின் இயல்பு என்று சொல்வார்கள். பதினோரு ஆண்டு முன்பே வாங்குபவர் யார், அவரால் பின்வாங்க முடியுமா என்பதெல்லாம் விற்பவருக்குத் தெரிந்துவிட்ட பேரம் இது என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொரு கசப்பும் உண்டு. விதி மாறியதால் நிலமதிப்பு பெருகிய கோபுரங்களுக்குப் பல ஆண்டுகளுக்குச் சொத்துவரிச் சலுகையும் கிடைத்தது. நகரமே விலையை ஏற்றிவிட்டது. ஏறியதில் பூங்காவுக்கென்று ஒரு பங்கைப் பிடித்து வைக்கவில்லை. அதே ஆற்றங்கரையில் சற்றுத் தெற்கே உள்ள புரூக்ளின் பிரிட்ஜ் பூங்கா வேறு வழியில் போனது. அங்கே நிலத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே அரசுத் துறைகளிடம் இருந்தது. பூங்கா எல்லைக்குள்ளேயே சில குடியிருப்புகளை அனுமதித்து, அவற்றின் வருவாயில் பராமரிப்பு நடக்கிறது. பூங்காவுக்குள் குடியிருப்பா என்று அதற்கும் எதிர்ப்பு இருந்தது. ஆனாலும் கணக்கு முதலிலேயே போடப்பட்டது.

இதுவரை படித்தவர்கள் சியாட்டிலுக்கு மாலை போடத் தயாராகியிருந்தால் சற்றுப் பொறுக்க வேண்டும். 1903இல் பூங்கா வடிவமைப்பாளர் ஜான் சார்லஸ் ஓம்ஸ்டெட் சியாட்டிலுக்கு ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார். ஏரியின் இரு கைகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் இந்த நிலமுனையைப் பூங்காவுக்காக எடுத்துக்கொள்ளுங்கள், ஏரி முழுவதையும் பார்க்க ஏற்ற இடம் என்று அதில் பரிந்துரைத்தார். ஆலை வருவதற்கு மூன்று ஆண்டு முன்பு! அப்போது நகரம் கேட்கவில்லை. 1962இல் வாங்கியது, புகை கக்கி முடித்த பிறகு மிஞ்சிய நிலத்தை. முந்திக்கொண்டது என்று நாம் பாராட்டும் நகரமும் 59 ஆண்டு தாமதமாகத்தான் வந்தது.

விலை குறைவாக இருந்ததற்குக் காரணம் யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை என்பது. வேண்டாமல் போனதற்குக் காரணங்களில் ஒன்று மண்ணிலிருந்த நஞ்சு. ரிச்சர்ட் ஹேக் என்ற நிலவடிவமைப்பாளர், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அந்தத் துறையைத் தொடங்கியவர், பூங்காவை வடிவமைத்தார். மிக மோசமான மண்ணை அகற்றி, மீதியைக் கிளறி, கழிவுநீர்ச் சேறு போன்றவற்றைக் கலந்து, எண்ணெயை நுண்ணுயிர்களே தின்று தீர்க்கட்டும் என்று விட்டார். இடிபாடுகளைக் குவித்து மேலே நல்ல மண் போர்த்திப் பட்டம் விடும் குன்று ஒன்றும் எழுப்பினார். 1975இல் பூங்கா திறந்தது. 1984இல் மண்ணைச் சோதித்தபோது வந்த முடிவுகளால் சில மாதம் மூடவேண்டியிருந்தது. இன்றும் அந்தக் கரையில் தண்ணீரில் இறங்கக் கூடாது. ஏரியடிச் சேற்றில் பழைய ஆலையின் கழிவு இருக்கிறது.

இதில் சட்டத்தின் திருப்பம் ஒன்று இருக்கிறது. மாசுபட்ட நிலத்தைச் சுத்தம் செய்யும் பொறுப்பை மாசுபடுத்தியவர் மீதும் நிலத்தின் உரிமையாளர் மீதும் சுமத்தும் மத்தியச் சட்டம் அமெரிக்காவில் 1980இல்தான் வந்தது. பின்னர் வாஷிங்டன் மாநிலமும் தனக்கென ஒரு சட்டம் செய்துகொண்டது. 1962இல் கையெழுத்திட்ட சியாட்டிலுக்கு இந்தக் கேள்வியே எழவில்லை. ஆகவே நிலத்தோடு பொறுப்பும் நகரத்தின் கைக்கு வந்தது. இன்று சுத்திகரிப்புச் செலவை, பழைய எரிவாயு நிறுவனத்தின் வாரிசான பியூஜெட் சவுண்ட் எனர்ஜியோடு சேர்ந்து நகரமும் சுமக்கிறது. புரூக்ளினிலும் ஒரு துண்டில் பழைய வாயு ஆலை இருந்தது. அங்கே நகரம் பேரம் பேசிய காலத்தில் சட்டம் வந்துவிட்டிருந்தது. அந்த ஆலையின் வாரிசான நேஷனல் கிரிட் நிறுவனம் சுத்தம் செய்யும் கடமையை ஏற்க வேண்டியிருந்தது. பிந்திய நகரத்துக்கு இந்த ஒரு வகையில் லாபம். விற்பனைப் பத்திரத்தில் எழுதிய தொகையை மட்டும் வைத்துப் பார்த்தால் இது தெரியாது. இருந்தும் நான் சியாட்டில் பக்கம்தான் சாய்வேன். சுத்தம் செய்யும் செலவு பொதுச் சொத்தில் போய்ச் சேர்கிறது. ஊகவிலைக்குக் கொடுத்த பணம் எந்தப் புல்லையும் வளர்க்கவில்லை.

காத்திருந்த காலம் இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒன்றுதான். சியாட்டிலில் வாங்கியது முதல் திறந்தது வரை 13 ஆண்டு. புரூக்ளினில் நிலம் முழுதும் கைக்கு வரவே 12 ஆண்டு. அதற்குள் சிறு பகுதி ஒன்று விளையாட்டுத் திடலாகத் திறந்திருந்தது. ஒரு வேறுபாடு உண்டு. புரூக்ளின் மக்கள் பூங்காவுக்கு உரிய விலையை முன்பணமாகவே கட்டிவிட்டார்கள். மறைந்த வானமும் ஏறிய வாடகையும்தான் அந்த முன்பணம். கோபுரங்கள் வந்தன, பூங்கா வரவில்லை. அவர்களுடைய கோபத்தில் இருந்தது கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்பவரின் தொனி. சியாட்டில்காரர்களிடம் அப்படி யாரும் கடன் வாங்கியிருக்கவில்லை.

பழையதை என்ன செய்வது என்ற சண்டை மட்டும் இரு ஊரிலும் ஒன்றுபோலவே வந்தது. ஹேக் ஆலையின் கோபுரங்களை அப்படியே நிறுத்த விரும்பினார். கொதிகலன் கட்டடம் உணவு உண்ணும் கூடமாயிற்று; இயந்திரக் கொட்டகையில் குழந்தைகள் விளையாடுகிறார்கள். 1969இல் கார் விபத்தில் இறந்த மர்டில் எட்வர்ட்ஸின் பெயரைத்தான் முதலில் பூங்காவுக்கு வைக்க இருந்தார்கள். அந்தத் துருவேறிய இரும்பு நிற்கப்போகிறது என்றதும் அவருடைய குடும்பம் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பின்னர் எலியட் விரிகுடாக் கரையில் வேறொரு பூங்காவுக்கு அவர் பெயர் வந்தது. புரூக்ளினில் பேசைடு நிறுவனம் விட்டுப்போன பத்து எண்ணெய்த் தொட்டிகளைத் தோட்டமாகவும் கலைக்கூடமாகவும் மாற்றலாம் என்று ஒரு குழு திட்டம் தந்தது. நகரம் ஏற்கவில்லை. அங்கே பல ஆண்டு எண்ணெய் நாற்றத்தோடு வாழ்ந்தவர்களில் பலருக்கும் அந்தத் தொட்டிகள் போனால் போதும் என்றிருந்தது. அவை பிரித்து அகற்றப்பட்டன.

அழகியல் நோக்கில் ஹேக் செய்தது சரி என்று எழுதாத விமர்சகரைப் பார்ப்பது அரிது. 2013இல் அந்தப் பூங்கா தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலிலும் ஏறிவிட்டது. எனக்கு இந்த விஷயத்தில் எட்வர்ட்ஸ் குடும்பத்தின் வருத்தமும் புரூக்ளின்காரர்களின் அவசரமும் புரிகிறது. ஆலைப் புகையை முகர்ந்தவருக்கும் ஆலையைப் படத்தில் பார்ப்பவருக்கும் துரு ஒரே பொருளாகத் தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சியாட்டிலில் ஆலை நின்று பூங்கா திறக்க 19 ஆண்டு இடைவெளி இருந்தது. புரூக்ளினில் அப்படி ஓர் இடைவெளி கிடைக்கவில்லை.