ஆமணக்கும் விளக்கெண்ணெயும்

ஆமணக்கு (தாவரவியல் பெயர்: ரிசினஸ் கம்யூனிஸ்) வித்திலிருந்து எடுக்கப்படும் எண்ணெய் தமிழில் விளக்கெண்ணெய் எனப்படுகிறது. இன்று இதை ஊற்றி விளக்கேற்றும் வீடுகள் குறைவு. ஆயினும் அந்தப் பழைய பயன் பெயரில் நிலைத்துவிட்டது.

தொன்மை

ஆமணக்கின் தாயகம் வடகிழக்கு ஆப்பிரிக்கா எனக் கருதப்படுகிறது. பண்டைய எகிப்தியக் கல்லறைகளில் இதன் வித்துகள் கிடைத்துள்ளன. எகிப்தியர் இவ்வித்தை இடித்துப் பிழிந்தும், வறுத்து வேகவைத்தும் எண்ணெய் எடுத்தனர் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் எழுதியுள்ளார். அது விளக்குக்கு ஏற்றது, ஆனால் நாற்றமுடையது என்பது அவர் குறிப்பு. தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் முறையும் இதை ஒத்ததே. கொட்டைமுத்தை வறுத்து இடித்து நீரில் கொதிக்கவைத்து, மேலே மிதக்கும் எண்ணெயை வழித்தெடுப்பர்.

வீட்டிலும் வயலிலும்

இவ்வெண்ணெய் மெதுவாக எரியும். விளக்குக்கு மட்டுமின்றி, பேதி மருந்தாகவும், கண்மை கூட்டவும், மாட்டுவண்டி அச்சுக்கு மசகாகவும் இது பயன்பட்டது. துவரையில் பூச்சி விழாதிருக்க இதைத் தடவி வைப்பர். நிலக்கடலை வயலின் ஓரத்தில் ஆமணக்கு நட்டால் புழுக்கள் அதன் இலையை நாடிவரும். அங்கேயே அவற்றைப் பொறுக்கி அழிக்கலாம். அசாமில் எரி பட்டுப்புழுவுக்கு ஆமணக்கு இலையே முக்கிய உணவு.

விளக்கிலிருந்து இயந்திரத்திற்கு

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலிவான மண்ணெண்ணெய் பரவியதால் விளக்கெண்ணெய் விளக்கை இழந்தது. எனினும் எண்ணெய் அழியவில்லை. இதன் கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதி ரிசினோலிக் அமிலம். அதனால் இது மற்றத் தாவர எண்ணெய்களைவிட மிகவும் கெட்டியானது. பெட்ரோலில் எளிதில் கரையாது. எரிபொருளும் மசகும் ஒன்றாகச் செல்லும் சுழல் இயந்திரங்களுக்கு இப்பண்பு தேவைப்பட்டது. முதல் உலகப் போரின் (1914–1918) போர் விமானங்கள் பலவற்றில் ஆமணக்கு எண்ணெயே மசகாக ஊற்றப்பட்டது. காஸ்ட்ரால் என்னும் மசகெண்ணெயின் பெயரும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததே. இன்று சோப்பு, வண்ணப்பூச்சு, நைலான்-11 போன்றவற்றுக்கும் இது மூலப்பொருள். உலகில் ஆமணக்கை மிகுதியாக விளைவிக்கும் நாடு இந்தியா. அதில் குஜராத் முதலிடம் வகிக்கிறது.

வித்தின் நஞ்சு

வித்தில் ரிசின் என்னும் கொடிய நஞ்சுப் புரதம் உள்ளது. 1888இல் ஸ்டில்மார்க் என்பவர் இதைப் பிரித்து ஆராய்ந்து பெயரிட்டார். ரிசின் எண்ணெயில் கரைவதில்லை, பிண்ணாக்கிலேயே தங்கிவிடும். வெப்பமும் அதைச் சிதைக்கும். கொதிக்கவைத்து எண்ணெய் எடுத்த முன்னோர் நஞ்சின் பெயரை அறியார். ஆனால் அவர்கள் முறை அதைத் தணித்தது. ஆமணக்குப் பிண்ணாக்கை மாட்டுக்கு வைக்காமல் வயலுக்கு உரமாக இடும் வழக்கமும் இதனால்தான் பொருளுடையது. வழவழப்பும் அழகிய புள்ளிகளும் கொண்ட இவ்வித்து குழந்தைகளைக் கவரும். மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், ஆமணக்கு வளரும் இடங்களில் பெரியவர்கள் இதைக் குழந்தைகளுக்குச் சொல்லிவைப்பது அவசியம்.